கேட்கப்பட்ட குறைகளின் சராசரி

நிறைநாட்டு அரசவையில் அன்று கூடியிருந்தவர்கள்: மன்னர் திருச்செவியார், கணக்கு அமைச்சர் எண்ணாயிரத்தார், அவர் கணக்குப் போடும் மணிச்சட்டத்தைச் சுமக்க ஒருவர், அதைத் துடைக்க இன்னொருவர், காத்திருப்பு இசைக்குழுவினர் பன்னிருவர், செவிமாடத்தின் தலைமைக் கேட்பாளர் வடிவுடையாள். குடிமக்கள் யாரும் அழைக்கப்படவில்லை. அவர்களுக்குத்தான் குழாய் இருக்கிறதே.

அந்த நாட்டில் தெருவுக்கு ஒரு பித்தளைக் குழாய். ஒரு முனை தெருமுக்கில், மறுமுனை அரண்மனைச் செவிமாடத்தில். குடிமகன் வாய் வைத்துக் குறையைச் சொல்வான். மாடத்தில் ஒருவர் காது வைத்துக் கேட்டுப் பதிவேட்டில் எழுதுவார். எழுதினால்தான் குறையைச் சரிசெய்ய ஆள் வரும். கேட்க ஆள் ஓய்வாக இல்லையென்றால், இசைக்குழு குழாய் வழியே மன்னர் புகழ் பாடும். நேரில் சொல்லும் குறை புறம்பேச்சு என்பது சட்டம். பதிவு இல்லாமல் அரசுச் சொத்தில் மண்வெட்டி வைத்தால் சிறை.

"மாடத்துக்கு எத்தனை காதுகள் தேவை?" என்றார் மன்னர்.

வடிவுடையாள் விரல் விட்டுக் கணக்குச் சொன்னாள். "காலையில மணிக்கு இருநூத்தி நாப்பது பேர் கூப்பிடறாங்க மகாராஜா. ஒருத்தருக்கு ஆறு நிமிஷம். அதுக்கே இருபத்திநாலு பேர் தலை நிமிராம உக்காரணும். தண்ணி குடிக்க, ஒதுங்க, காய்ச்சல்னு படுக்க ஆறு பேரைச் சேத்தா முப்பது. இப்ப இருக்கறது பதினஞ்சு."

"ஒதுங்குவதற்கு ஆறு பேரா? ஒரே சமயத்திலா?" என்றார் எண்ணாயிரத்தார். இசைக்குழு தாளம் தவறாமல் சிரித்தது.

அமைச்சர் மணிச்சட்டத்தை வாங்கினார். "பதிவேட்டின்படி மணிக்கு நூற்றைம்பது குறைகளே கேட்கப்பட்டிருக்கின்றன. இருநூற்று நாற்பது எங்கிருந்து வந்தது அம்மணி?"

"மிச்ச தொண்ணூறு பேரு காத்துக்கிடந்துட்டுப் போயிட்டாங்கய்யா."

"போய்விட்டார்கள் என்றால் தீர்ந்துவிட்டது என்று பொருள். இரவில் எத்தனை?"

"ராத்திரி மாடத்தப் பூட்டிருவாங்களே!"

"எத்தனை என்று கேட்டேன்."

"ஒண்ணுமில்ல."

"பகலில் நூற்றைம்பது, இரவில் சுழியம். சராசரி எழுபத்தைந்து. அதற்கு ஏழரை ஆள் போதும். அரை ஆள் கிடைப்பது அரிது. ஆகவே ஏழு."

மன்னர் கண் கலங்கினார். இவ்வளவு எளிய விஷயத்துக்கு இத்தனை நாள் பதினைந்து பேரை வருத்தியிருக்கிறோமே என்ற வருத்தம்.

"மகாராஜா, கீழத்தெருவுல ஏரிக்கரை கசியுது," என்றாள் வடிவு. "அது யார் காதுலயாவது விழணும்னுதான் முப்பது பேர் கேக்கறேன்."

"கசிவு குழாயில் வந்ததா?" என்றார் அமைச்சர்.

"இல்ல. எங்க வீட்டுக்காரரு நேத்து சோறு திங்கும்போது சொன்னாரு."

"சபையில் புறம்பேச்சு வேண்டாம்."

கரைக்குக் கீழே மூன்றாவது வீடு வடிவுடையது. அவள் கணவன் மாசிலாமணி அன்று மாலையும் சோற்றைப் பிசைந்தபடியே ஆரம்பித்தான். "விரல் மொத்தத்துக்குத் தண்ணி வருது வடிவு. எழுதிக்க."

"வீட்டுல எழுத முடியாதுங்க. காலையில குழாயில சொல்லுங்க."

"மூஞ்சியப் பாத்துச் சொல்லிக்கிட்டிருக்கேன், இதையே குழாயில போய் ஊதணுமா?"

"ஊதுனாதான் நீங்க குடிமகன். இங்க வெறும் புருஷன்."

மறுநாள் அவன் குழாயடிக்குப் போனான். எந்தத் தெருக் குழாயில் நின்றாலும் நாடு முழுவதற்கும் ஒரே வரிசை. அவன் முப்பத்தாறாயிரத்துப் பத்தாவது. இடத்தை விட்டு நகர்ந்தால் எண் போய்விடும் என்பதால் அங்கேயே பாய் விரித்தான். கீழத்தெருவில் வேறு யாரும் கரையைப் பற்றிப் பேசக் குழாயைத் தொடவில்லை. "பொண்டாட்டியே அங்கதான இருக்கு, மாசிலாமணி பேசினா முடிஞ்சுது," என்று சொல்லிவிட்டார்கள். பொண்டாட்டியோ வரிசையை மீறி வீட்டார் குறையைக் கேட்டால் அந்தப் பதிவு செல்லாது. அவளால் முடிந்தது தூக்குவாளியில் சோறு கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும்.

அடுத்த மாதம் ஏழு பேர் மணிக்கு எழுபது குறைகளைக் கேட்டார்கள். இரவோடு சேர்த்துச் சராசரி முப்பத்தைந்து. மூன்றரை ஆள், ஆகவே மூன்று. நாட்டில் குறைகள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன என்று எண்ணாயிரத்தாருக்கு யானை மேல் ஊர்வலம் நடந்தது. காத்திருப்பு நீண்டதால் இசைக்குழுவுக்கு இன்னும் எட்டுப் பேரைச் சேர்த்தார்கள். கரையில் தண்ணீர் மணிக்கட்டு மொத்தத்துக்கு வந்தது.

அதற்கடுத்த மாதம் மூன்று ஒன்றானது. அந்த ஒன்று வடிவு.

"இன்னும் எத்தனை பேரு?" என்று குழாயடியில் கேட்டாள்.

"ஒம்பது பேரு. பாட்டு முழுசா மனப்பாடமாயிடுச்சுடி. தூக்கத்துல மன்னரை வாழ்த்தறேனாம். கரையப் பாத்தியா?"

"பாத்தேன். ஒம்பது பேருதான? ஒரு மணி நேரத்துல முடிச்சிருவேன்."

முடித்திருப்பாள். ஆனால் அன்று காலை அமைச்சகத்திலிருந்து நாற்பது ஓலைக்கட்டுகள் வந்தன. செவிமாடத்துக்கு அந்த ஒருவரும் தேவையா என்று கணக்கிட்டுத் தரவேண்டுமாம். கணக்கிடுபவர் அந்த ஒருவரேதான். ஓலை முடியும்வரை குழாயில் காது வைக்கத் தடை. கணக்கில் சார்பு புகுந்துவிடும். மூச்சுவிட எத்தனை நொடி, பேனாவை மையில் தோய்க்க எத்தனை நொடி என்று மாதம் முழுவதும் எழுதினாள். சுற்றிலும் குழாய்களின் முனைகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

மாதக் கடைசியில் அமைச்சர் பூட்டோடும் காவலனோடும் வந்தார். பதிவேட்டைத் திறந்தார். "சுழியம்," என்றார். "உலகில் எந்த நாடும் எட்டாத எண்."

"ஐயா, ஓலைய முடிச்சிட்டேன். இந்த மாசம் ஒம்பது பேரும் பாட்டுக் கேட்டே போயிட்டாங்க. வரிசையில இப்ப ஒரே ஒரு ஆளு. அவரக் கேட்டுட்டு வந்திடறேன்."

"கேட்டால் சுழியம் ஒன்றாகிவிடும். ஒன்றுக்கு ஓர் ஆள் வேண்டும். ஆளுக்கு நாற்காலி வேண்டும். நாற்காலிகளை நாளைய விழா மேடைக்குக் கொடுத்தாயிற்று. வெளியே வாருங்கள்."

அவள் வாசலைத் தாண்டவும், மாடம் மூடப்படுவதால் இசைக்குழு பாட்டை நிறுத்தியது. கீழத்தெருக் குழாய் கனைத்தது.

"வடிவு? ஒருவழியா கெடைச்சிட்டியா? கேக்குதா? இடுப்பளவு தண்ணியில நின்னு பேசறேன்..."

காவலன் அமைச்சரைப் பார்த்தான். "பதிவேட்டில் ஏறிவிட்டதா?" என்றார் எண்ணாயிரத்தார்.

"இல்லீங்கய்யா," என்றான் காவலன்.

வடிவு பதிலுக்கு நிற்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூன்று மூன்று படிகளாக இறங்கி ஓடினாள். அவளுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. பூட்டு இரண்டு சுற்று சுற்றியது.