திறக்காத நிவா

சிவப்பு இழை கையோடு வந்துவிட்டது.

நிவா அதை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். சிகரெட் பெட்டியைப் பிரிக்கக் கண்ணாடித்தாளில் ஒரு இழை ஓடுமே, அதே மாதிரி இழைதான். இழுத்தால் தாள் பிரிந்து வர வேண்டும் என்றே வைத்தது. இருபத்தெட்டு வருஷமாக வேலையில்லாமல் கிடந்த அந்த இழை, இன்று காலை புதுப் படச்சட்டத்தின் திருகில் மாட்டிக்கொண்டு, தன் வேலையை ஒரே இழுப்பில் ஒழுங்காகச் செய்து முடித்தது.

தாள் சுற்றியிருந்த பெட்டிக்குள் இருந்தது ‘மஞ்சள் கலங்கரை’ என்ற வீடியோ கேம். அது வெளியான அன்று ஒசு கடைத்தெருவில் வரிசையில் நின்று நிவா இரண்டு வாங்கினார். ஆடுவதற்கு ஒன்று, வைத்துக்கொள்ள ஒன்று. சேகரிக்கிறவர்கள் அப்படித்தான் வாங்குவார்கள். முதலாவதைப் பாதி ஆடியிருந்தபோது அவர் வேலை பார்க்கும் ஆலையில் ஒருவன் இரவல் கேட்டான். அவன் கியூஷூ தீவுக்கு மாற்றலாகிப் போனான், கேமும் கூடவே போனது. மிச்சப் பாதியில் என்ன நடக்கிறது என்று நிவாவுக்கு இன்றுவரை தெரியாது. இருந்தும் இரண்டாவதை அவர் பிரிக்கவில்லை.

அவருக்கு இருந்த பெயரே அதுதான். கார் கதவுக்குத் தகரம் வளைக்கும் அந்த ஆலையில் அவர் லீவு போட்டால் பக்கத்து இயந்திரக்காரனுக்கு மட்டும் தெரியும். சேகரிப்பாளர் சங்கத்திலோ ‘திறக்காத நிவா’ என்றால் பேசிக்கொண்டிருப்பவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். மற்ற எல்லோரும் ஏதோ ஒரு நாள் மனசு கேட்காமல் எதையாவது பிரித்தவர்கள். தலைவர் ஹச்சியாவே ஒரு முறை காய்ச்சலில் கிடந்தபோது ஒன்றைப் பிரித்துவிட்டு, அதை இன்னும் சொல்லிச் சொல்லி வருந்துகிறவர்.

சங்கம் மாதம் ஒரு வீட்டில் கூடும். இன்று நிவாவின் முறை. மத்தியானம் வருவார்கள். விருந்தறை மாடத்தில் தொங்கிய கொக்கு ஓவியத்தை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் கேமைச் சட்டம் போட்டு மாட்டுவதாக ஏற்பாடு. கொக்கு, மனைவி சயோகோவின் அப்பா வரைந்தது. அவளை ஒப்புக்கொள்ள வைக்கவே ஒரு வாரம் ஆகியிருந்தது.

“ஏங்க, மாட்டியாச்சா?” அடுக்களையிலிருந்து சயோகோவின் குரல்.

“மாட்டிக்கிட்டே இருக்கேன்.”

“ஏதோ கிழிஞ்ச சத்தம் கேட்டுச்சே.”

“சட்டத்து மேல ஒட்டியிருந்த தாளு.”

“நான் வரட்டா?”

“வராதே! உன் கை ஈரமா இருக்கும்.”

சயோகோ ஸ்டேஷன் பக்கத்து மிட்டாய்க் கடையில் பெட்டி கட்டுகிறவள். எதை ஈரக்கையால் தொடக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் காய் நறுக்கத் திரும்பிவிட்டாள்.

நிவா முதலில் ஒட்டுநாடாவை எடுத்தார். ஒட்டிப் பார்த்தபோது, அடிபட்டவன் நெற்றியில் பிளாஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. எடுத்துவிடலாம் என்று நாடாவை உரித்தார். பழைய கண்ணாடித்தாளில் பாதி அதோடு போயிற்று.

சைக்கிளை எடுத்துக்கொண்டு நூறு யென் கடைக்குப் பறந்தார்.

“பூங்கொத்து சுத்தற தாளு இருக்கா? ரொம்ப மெல்லிசா?”

“பிறந்தநாளாங்க?” என்றாள் கடைப்பெண். “நட்சத்திரம் போட்டது அழகா இருக்கும்.”

“நட்சத்திரம் வேண்டாம்மா. ஒண்ணுமே தெரியக் கூடாது.”

வீட்டுக்கு வந்து சுற்றினார். ஆலையில் எத்தனையோ வருஷம் தகரத்தை மயிரிழை பிசகாமல் வளைத்த கை, ஒரு தாளை மடிக்கத் தெரியாமல் திணறியது. மூலைகள் உப்பின. ரயிலில் விற்கும் அரிசி உருண்டை மாதிரி வந்தது.

சூடு காட்டினால் தாள் இறுகும் என்று தோன்றியது.

“இஸ்திரிப்பெட்டி எங்கே?”

அடுக்களையில் கத்தியின் சத்தம் நின்றது. “அதுக்கு இஸ்திரிப்பெட்டி ஆகாதுங்க.”

“எதுக்கு?”

“எதுக்குன்னு நீங்கதான் சொல்லணும்.”

“சட்டைக்கு.”

“அப்ப சரி. அலமாரியில கீழ் தட்டு.”

தாள் இறுகத்தான் செய்தது. கொஞ்சம் அதிகமாகவே இறுகியது. உள்ளே இருந்த பிளாஸ்டிக் பெட்டியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகத் தூக்கியது. நிவா ஜன்னலைத் திறந்து கருகின வாடையை வெளியே விசிறினார். பிறகு மேற்கொண்டு எதையும் சரி செய்யாமல் இருப்பதுதான் நல்லது என்று முடிவு கட்டி, சட்டத்துக்குள் வைத்துத் திருகுகளை இறுக்கினார். மாடத்தில் கண் மட்டத்தில் மாட்ட நினைத்ததை, ஏணி போட்டுக் கூரையை ஒட்டி மாட்டினார். அதற்கப்புறம் திரைச்சீலைகளையும் இழுத்துவிட்டார். அறை சினிமாக் கொட்டகை மாதிரி ஆயிற்று.

ஹச்சியா சொன்ன நேரத்துக்கு வந்தார். வெள்ளைக் கையுறை, துணிப்பையில் பூதக்கண்ணாடி. கூட எலக்ட்ரீசியன் கானோ. உள்ளே நுழைந்ததும் கானோ மேஜைக்காலில் இடித்துக்கொண்டான்.

“யாரு செத்துட்டாங்க, நிவா-சான்? இப்படி இருட்டடிச்சு வெச்சிருக்கீங்க?”

“வெளிச்சம் ஆகாதுப்பா. அட்டை நிறம் வெளுத்துடும்.”

“கேட்டியா?” ஹச்சியா கானோவைப் பார்த்தார். பார்த்ததாகத்தான் தெரிந்தது. “இதுக்குப் பேருதான் பராமரிப்பு. நீ உன்னோடதை டிவி மேல வெச்சிருக்கே, பக்கத்துல மீன் தொட்டி.”

“மீனுக்கும் பொழுது போகணுமே, தலைவரே.”

“சரி, அவ்வளவு உசரத்துல ஏன்?”

“அது… கீழே இருந்து அண்ணாந்து பார்க்கிற மாதிரி இருக்கணும்னு.”

ஹச்சியா பாயில் முழங்காலிட்டு, கூரைப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். நிவாவும் வேறு வழியில்லாமல் கூடவே போட்டார்.

“ஒரே ஒரு தடவை கிட்டத்துல பார்த்துட்டுப் போயிடறேன், நிவா-சான். எனக்கும் வயசாச்சு.”

“ஏணி இல்லீங்களே, தலைவரே.”

“இதோ சாஞ்சு நிக்குதே,” என்றான் கானோ. அவன் ஏணியில்தான் இரண்டாவது முறை இடித்துக்கொண்டிருந்தான்.

ஹச்சியா ஏறினார். கானோ ஏணியைப் பிடித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்து மேலே அடித்தான். ஹச்சியா பூதக்கண்ணாடியை எடுத்துச் சட்டத்தோடு ஒட்டி வைத்துப் பார்த்தார்.

“நிவா-சான்.”

“சொல்லுங்க.”

“தாளு மேல முக்கோணமா ஒரு அச்சு தெரியுதே. அந்தக் காலத்துல கம்பெனி முத்திரையா?”

“இருக்கலாம்.”

“முக்கோணத்துக்குள்ள வரிசையாப் புள்ளி வெச்சிருக்கு.”

கானோ எட்டிப் பார்த்தான். “நீராவி வர்ற ஓட்டை, தலைவரே. எங்க வீட்டு இஸ்திரிப்பெட்டிலயும் இப்படித்தான் இருக்கும்.”

நிவா தலை பாயில் படும்படி குனிந்தார்.

“இன்னிக்குக் காலையிலதான்! சட்டத்துல வைக்கிறப்ப இழை மாட்டிக்கிச்சு. வேணும்னு செய்யல. இத்தனை வருஷம் ஒரு விரல் படவிடல, தலைவரே. பாதியில நின்ன கதை. முடிவு என்னன்னு தெரியாமலே நைட் ஷிஃப்ட்டுக்குப் போய் வந்தேன். கை எத்தனை தடவை அரிச்சிருக்கும்! பிரிக்கல.”

ஹச்சியா மெதுவாக இறங்கினார். கையுறைகளைக் கழற்றி மடித்து வைத்தார். கானோ டார்ச்சை அணைத்தான். துக்க வீட்டில் உட்காருகிற மாதிரி மூவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“முடிவு தெரியாமலேயா?” என்றான் கானோ, குரலைத் தாழ்த்தி.

“தெரியாமலேதான்.”

“நான் செத்திருப்பேன்.”

ஹச்சியா தொண்டையைச் செருமிக்கொண்டார். “இங்கே பாருங்க, நிவா-சான். தாளு போனா போகட்டும். இன்னிக்குக் காலை வரைக்கும் இதை மனுஷன் கை திறக்கல. அதை எந்த இஸ்திரிப்பெட்டியும் அழிக்க முடியாது. சங்கத்துல நீங்க என்னிக்கும் திறக்காத நிவாதான். இதை நான் தலைவரா நின்னு சொல்றேன்.”

நிவாவுக்குக் கண் கலங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். காலையிலிருந்து கழுத்தில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. கானோ அவர் தோளைத் தட்டினான்.

கதவு நகர்ந்தது. சயோகோ தேநீரும் கடை மிட்டாய்ப் பெட்டியும் கொண்டுவந்து வைத்தாள். அந்தப் பெட்டியைச் சுற்றியிருந்த கண்ணாடித்தாளில் மடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அவள் திரையை விலக்கி, கூரையைப் பார்த்து, உச்சுக்கொட்டினாள்.

“என்னைக் கூப்பிட்டிருக்கலாம்லங்க? கரண்டிக் காம்பைச் சுட வெச்சுத்தான் ஒட்டணும். நீங்க நைட் ஷிஃப்ட் போறப்ப, கடைசிக் கட்டம் ஆடிப் பார்க்கணும்னு தோணி நான் பிரிச்ச மூணு தடவையும் அப்படித்தானே ஒட்டி வெச்சேன்!”