ஆய்வகத்துக்குள் விழுந்த அருவி

சீசன் நேரத்தில் குற்றாலத்துக்குத் தனியாக வருகிறவன் ஒன்று சாமியாராக இருக்க வேண்டும், இல்லையென்றால் என்னைப் போலக் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவனாக இருக்க வேண்டும். நான் ஆய்வகப் பாதுகாப்புத் தணிக்கையாளன். போன இடத்தில் டீ கூடக் குடிக்கக் கூடாது என்பது எங்கள் விதி. (நான் குடிக்காததற்குக் காரணம் விதி. என் பக்கத்தில் யாரும் உட்காராததற்குக் காரணம் நான்.) சென்னையில் வீட்டுக்குப் போனாலும் பேச ஆளில்லை. அதைச் சுதந்திரம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தென்காசியை ஒட்டிய அந்தச் சின்ன ஆய்வகத்தில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி. ஒருவருடைய நல்ல கண்ணிலிருந்து துளியூண்டு செல் எடுத்து, வளர்த்து, கெட்டுப்போன கண்ணில் வைப்பார்கள். அன்று ஒரு பெரியவரின் செல்கள் உள்ளே வளர்ந்துகொண்டிருந்தன. ஒரே தடவை எடுக்கத்தான் அவர் சம்மதித்திருந்தார். கெட்டுப்போனால் மறுபடி கேட்க முடியாது.

காலையில் நுழைந்ததுமே கவனித்தேன். எல்லார் பையிலிருந்தும் துண்டு எட்டிப் பார்த்தது. தணிக்கை முடிந்ததும் மொத்தப் பேரும் ஐந்தருவிக்குப் போகிறார்களாம். என்னை யாரும் கூப்பிடவில்லை. தணிக்கைக்கு வந்தவனைக் குளிக்கக் கூப்பிடக் கூடாதுதான், நியாயம்தான். ஆனாலும் மனசு வலித்தது. வலித்தால் எனக்குத் தெரிந்த ஒரே வேலை குறை கண்டுபிடிப்பது.

"ஆய்வகத்துல தனியா நின்னு வேலை செய்யக் கூடாதுன்னு தெரியாதா?" என்று பாதுகாப்புப் பொறுப்பாளர் செல்வியைப் பிடிபிடியென்று பிடித்தேன்.

"தெரியும் சார். கூட நின்னவ இப்பதான் கைகழுவப் போயிருக்கா."

"சரி, அடுத்து எமர்ஜென்சி ஷவர். நீங்க வர வேண்டாம், நானே பார்த்துக்கறேன்" என்று விறைப்பாக நடந்தேன். (ஆமாம், தனியாக.)

உடம்பில் அமிலம் கொட்டினால் ஓடிப்போய் நிற்கிற ஷவர் அது. கீழே வாளி வைத்து, தள்ளி நின்று இழுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் அதுவரை நான் இழுத்த எந்த ஷவரிலும் சொட்டுத் தண்ணீர் வந்ததில்லை. அந்தத் தைரியத்தில் அடியில் நின்றே இழுத்தேன்.

வந்தது. மெயினருவி மாதிரி வந்தது. பதறிப்போய் இன்னொரு இழு இழுத்ததில் கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. என் மூக்குக்கண்ணாடி போன திசை தெரியவில்லை. தண்ணீர் தரையில் பரவி, செல் வளர்க்கும் அறைக் கதவுக்கு ஓடியது. உள்ளே புகுந்தால் பூஞ்சை பிடிக்கும், பெரியவரின் கண் போச்சு. யாரைக் கூப்பிடுவது? காலையிலிருந்து செல்வியைத் தவிர ஒருத்தர் பெயரைக்கூட நான் கேட்டுவைக்கவில்லை. அந்த ஒரே பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

செல்வி ஓடி வந்தார். "ஏட்டி, எல்லாரு துண்டையும் எடுத்திட்டு ஓடியா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டே வால்வை மூடினார். அருவிக்கு வைத்திருந்த அத்தனை துண்டும் கதவடியை அடைத்தன. உள்ளே ஒரு சொட்டுப் போகவில்லை.

நான் கைப்பிடியோடு ஈரம் சொட்டச் சொட்ட நின்றேன். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தால் அழுகைதான் வந்தது. நனைந்த முகத்தில் தெரியாது என்று நினைத்தேன். செல்விக்குத் தெரிந்துவிட்டது.

"ஷவர் நல்லா வேலை செய்யுதுன்னு எழுதிக்கிடுங்க சார்" என்றார். பிறகு, "வேலைய முடிச்சிட்டு எங்ககூட அருவிக்கு வாரியளா? துண்டுதான் கிடையாது. எல்லாம் உங்களால நனைஞ்சிட்டு."

"விதிப்படி வரக் கூடாதும்மா."

"விதிப்படி தனியா நிக்கவும் கூடாதுல்லா."

அறிக்கையை, என் கூத்தையும் சேர்த்து எழுதி, அனுப்பிவிட்டுப் போனேன். துண்டில்லாமல் எல்லாரும் ஈரத்தோடு நடுங்கினோம். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இப்போது சீசனுக்குச் சீசன் போன் வருகிறது. "அண்ணாச்சி, சாரல் விழுந்திட்டு. இந்த வருசமாவது துண்டு கொண்டாருவியளா?" அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் 'ஷவர் மாமா'.

போன மாதம் எங்கள் மேலாளர் மறுபடி அந்த ஆய்வகத்துக்கே தணிக்கைக்குப் போகச் சொன்னார். சொந்தக்காரர் இருக்கிற இடத்தைத் தணிக்கை செய்யக் கூடாது என்பதும் எங்கள் விதி.

"நான் போகக் கூடாது சார்" என்றேன். "அங்கே எனக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க."