மகள் கொடுத்த என் கோட்டு

நாம் சொல்வது எதையும் பிள்ளைகள் கேட்பதில்லை என்று பெற்றோர்கள் புலம்பும்போது நான் வாயைத் திறப்பதில்லை. கேட்டால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ராயபுரம் கல்மண்டபத்தில் எங்கள் வீடு. துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் எனக்கு குமாஸ்தா வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சர்ச்சில் சண்டே ஸ்கூல் வாத்தியார். (ஆபீசில் என் பேச்சை யாரும் கேட்பதில்லை. அந்த ஏக்கத்தைச் சின்னப் பிள்ளைகளிடம் தீர்த்துக்கொள்வேன்.) அந்த வருஷ மழையில் மணலிப் பக்கம் சடையங்குப்பம் மூழ்கிப்போய், அங்கிருந்த குடும்பங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள். அவர்களுக்காகச் சர்ச்சில் துணி சேகரித்தோம். வந்ததெல்லாம் காலர் கிழிந்த சட்டையும் சாயம் போன நைட்டியும்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிள்ளைகளை உட்காரவைத்து முழங்கினேன்.

“வேணாம்னு தூக்கிப் போடுறதைக் குடுத்தா அதுக்குப் பேரு குப்பை. நமக்கு ரொம்பப் பிடிச்சதைக் குடுக்கணும். இயேசப்பா மிச்சம் மீதியையா நமக்குக் குடுத்தாரு?”

முன்வரிசையில் என் மகள் ஷெரின், ஒன்பது வயது, கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் என் மச்சினன் ரூபனுக்குக் கல்யாணம். மாமனார் எனக்குக் கோட்டு சூட்டு தைத்துக் கொடுத்திருந்தார். சாம்பல் நிறம், உள்ளே வழவழவென்று லைனிங். என் வாழ்க்கையில் முதல் கோட்டு. ஆபீஸ் விட்டு வந்ததும் அதைப் போட்டுக்கொண்டு பீரோ கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். (தொப்பை தெரியவில்லை என்று என் மனைவி ஜெசி சொன்னாள். அவள் நல்லவள்.)

கல்யாணத்துக்கு முதல் நாள், அயர்ன் பண்ணுவதற்காக ஜெசி பீரோவைத் திறந்தாள்.

“இன்னாங்க, பேண்ட்டு மட்டும் தொங்குது?”

ஷெரின்தான் நிதானமாகப் பதில் சொன்னாள். “கோட்டை நான் மூட்டையில போட்டுட்டேன். அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான?”

“அப்ப பேண்ட்டு?”

“அது இடுப்புல பிடிக்குதுன்னு அப்பா சொன்னாரே. பிடிக்காததைக் குடுக்கக் கூடாதுல்ல?”

மூட்டைகள் ஏற்கெனவே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. கோட்டு என்னுடையதுதான், இரண்டும் ஒரே துணி என்று காட்டுவதற்காகப் பேண்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஷெரினையும் ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கிளம்பினேன். கோட்டைத் திருப்பி வாங்கப் போகிறோம் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. “சும்மா பாத்துட்டு வரலாம்” என்றேன். வழியெல்லாம் அந்தப் பையை அவள்தான் மடியில் வைத்திருந்தாள்.

பள்ளிக்கூட வாசலில் முழங்கால் தண்ணீர். வகுப்பறைகளில் பாயும் பாத்திரமுமாகக் குடும்பங்கள். ஈரத்துணி வாடை. வராந்தாவில், லுங்கிக்கு மேலே என் கோட்டைப் போட்டுக்கொண்டு, வயதான ஒருவர் நின்றிருந்தார். பெயர் கன்னியப்பன், லாரியில் மூட்டை ஏற்றுகிறவர் என்று பிறகு தெரிந்தது.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “பெரியவரே, இந்தக் கோட்டு...” என்று ஆரம்பித்தேன்.

“நல்லா கீதா சார்?” முகமெல்லாம் சிரிப்பு. “பொண்ணுக்குப் பிரசவம் ஆச்சு, ஆஸ்பத்திரில கீது. வூட்ல இருந்த துணியெல்லாம் தண்ணில பூட்ச்சு. அயுக்கு லுங்கியோட போனா வாட்ச்மேன் கேட்டாண்டயே நிக்க வச்சிட்டான். இன்னிக்கு இத்த மாட்டிகினு போனேன். ‘வாங்க சார்’னு உள்ள வுட்டான். பேத்திய கையில வாங்கிட்டேன் சார்.” மார்புப் பக்கம் வெள்ளையாகக் காய்ந்திருந்த கறையைத் தொட்டுக் காட்டினார். “இங்கதான் பால் கக்கிச்சு.”

நான் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது.

“உங்களுதா சார்?” என்று கேட்டபடியே பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். கோபமோ வருத்தமோ அந்தக் குரலில் இல்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பவர்களை நிறையப் பார்த்துப் பழகிய குரல்.

நான் வாய் திறப்பதற்குள் ஷெரின் பையை நீட்டினாள். “கழட்டாதீங்க தாத்தா. அப்பா பேண்ட்டையும் உங்களுக்குக் கொண்டாந்திருக்காரு.”

சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு துளி சந்தேகம் இல்லை. தன் அப்பா இதற்காகத்தான் மழையில் இவ்வளவு தூரம் வந்தார் என்று அவள் முழுமனதாக நம்பினாள். ஒரு வருஷம் பாடம் நடத்தினாலும் கற்றுக்கொடுக்க முடியாத அந்த நம்பிக்கையை, நான் ஒரே வார்த்தையில் கெடுத்துவிட முடியும் என்று எனக்குப் புரிந்தது.

“ஆமா பெரியவரே. செட்டா இருக்கட்டுமேன்னு...” என்றேன்.

அவர் பேண்ட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “கொயந்தய நல்லா வளத்துக்கீற சார்.”

என்னால் அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

கல்யாணத்துக்கு, சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவரிடம் கோட்டு இரவல் வாங்கினேன். அவர் என் தோள் உயரம்தான் இருப்பார். எல்லாப் போட்டோவிலும் என் முழங்கைக்குக் கீழே பாதிக் கை வெளியே தொங்குகிறது. மாமனார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ரூபன் இன்றுவரை, ஷெரின் வீட்டுக்குள் நுழைந்தாலே, “யாராவது பீரோவைப் பூட்டுங்கப்பா!” என்று கத்துகிறான்.

ஷெரின் இப்போது காலேஜ் படிக்கிறாள். கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்கப் போகும்போது ஏதாவது ஒரு சட்டையைப் பார்த்து, “இது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு” என்று நான் சொன்னால் போதும். ஜெசி என் கையைக் கிள்ளுவாள்.

“மெதுவா சொல்லுங்க. அவ காதுல வுழுந்துடப் போவுது.”

நான் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன்.