ஆட்டம் எத்தனை மணிக்குங்க?

மூக்கைத் தொடுவதென்றால் தலையைச் சுற்றித்தான் தொடுவேன் என்று சத்தியம் செய்துகொண்டு பிறந்த ஓர் இனம் நம்மிடையே உண்டு, வாசகரே. அந்த இனத்தாரிடம் மட்டும் மணி என்னவென்று கேட்டுவிடாதீர்கள். கையில் கட்டிய கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்கள். மணியை எங்கிருந்தோ எடுத்து வந்து, வடிகட்டி, அட்டவணை போட்டு, வண்ணம் தீட்டிக் கொடுக்கும் ஒரு கருவியை எழுதத் தொடங்கிவிடுவார்கள். அது முடிவதற்குள் உங்கள் பஸ் போயிருக்கும்.

இவ்வளவு நுணுக்கம் எனக்கு எப்படித் தெரியும்? தினமும் கண்ணாடி பார்த்துத்தானே தலை சீவுகிறேன்!

கோயம்புத்தூரில் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் எனக்கு வேலை. அங்கே நாங்கள் சிலர் கற்பனைக் கால்பந்து ஆடுகிறோம். அதாவது, இங்கிலாந்தில் யார் யாரோ மழையில் நனைந்து பந்தை உதைப்பார்கள். அவர்களில் பதினொரு பேரைப் பொறுக்கி ‘என் அணி’ என்று பெயர் வைத்துவிட்டு நாங்கள் ஏசியில் உட்கார்ந்திருப்போம். அவர்கள் கோல் போட்டால் எங்களுக்குப் புள்ளி. அவர்கள் காலை உடைத்துக்கொண்டால் எங்களுக்கு வயிற்றெரிச்சல். எந்த அணி யாரோடு என்றைக்கு மோதுகிறது என்பது தெரிந்தால்தான் ஆளைப் பொறுக்க முடியும். அந்த அட்டவணை விளையாட்டுச் செயலியின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. பக்கத்து மேசை யாகூப் பல் குத்திக்கொண்டே அதைப் பார்த்துவிடுவார்.

எனக்கு அது கௌரவக் குறைச்சல். வாரக்கணக்கில் உட்கார்ந்து ஒரு கருவி செய்தேன். “வரும் சனிக்கிழமை யார் யார்?” என்று தட்டினால் போதும்; அது இணையத்தில் போய் அட்டவணையை அள்ளி வந்து, இங்கிலாந்து நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டி நம் ஊர் நேரமாக்கி, எளிய எதிரிக்குப் பச்சை, கடிய எதிரிக்குச் சிவப்பு என்று பூசித் தந்துவிடும். நானும் அதன் சொற்படியே அணி அமைத்து, தவறாமல் கடைசியில் வந்தேன்.

“கருவி சரியாத்தானுங்க இருக்குது. ஆடறவங்கதான் சரியில்லீங்க” என்று யாகூபுக்கு விளக்கினேன்.

என் மனைவி கிருபா பல்லடத்தில் உடற்கல்வி ஆசிரியை. அங்கே நிஜமான பந்து, நிஜமான புழுதி, நிஜமாகவே முட்டியைப் பெயர்த்துக்கொள்ளும் பெண்பிள்ளைகள். பள்ளிகளுக்கான கால்பந்துப் போட்டியில் அவள் பள்ளி அணி இந்த வருஷம் முதன்முறையாக அரையிறுதிக்கு வந்திருந்தது. ஆட்டம் மேட்டுப்பாளையத்தில். நடத்துகிறவர்கள் நேரத்தைத் தங்கள் இணையப் பக்கத்தில் போட்டிருந்தார்கள்.

“ஏனுங்க, நான் ஜெர்சிக்கு அலைஞ்சிட்டிருக்கேன். சனிக்கிழமை ஆட்டம் எத்தனை மணிக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. இல்லாட்டி ரூபினா டீச்சருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுருங்க” என்றாள். ரூபினா எதிரணியின் பயிற்சியாளர்.

பார்ப்பதா? போன் போடுவதா? இனத்தின் மானம் என்னாவது? அந்தப் பக்கத்தையும் படிக்கும்படி கருவியைப் பழக்கினேன். மத்தியானம் இரண்டு மணி என்றது. பச்சை நிறத்தில்.

“ரெண்டு மணிக்கா? அந்த வெயில்லயா புள்ளைகளை ஆட உடுவாங்க?”

“கருவி பொய் சொல்லாது, அம்மணி.”

நம்பினாள். இத்தனை வருஷம் என்னோடு குடும்பம் நடத்திய பிறகும் நம்பினாள், பாருங்கள்.

சனிக்கிழமை காலை அவள் நிதானமாக இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது ரூபினாவின் போன் வந்தது. “ஏனுங்க டீச்சர், எங்க இருக்கீங்க? எட்டரைக்கு ஆட்டமுங்க. எங்க புள்ளைக கிரவுண்டுல நிக்கறாங்க.”

எட்டரையோடு ஐந்தரையைக் கூட்டினால் இரண்டு. மேட்டுப்பாளையமும் இங்கிலாந்தில்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டது கருவி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பிழை பிடிபட்டுவிட்டதே! “கூட்டல் சரியாத்தான் இருக்குது” என்று வாய்விட்டும் சொல்லிவிட்டேன். கையில் கரண்டியோடு கிருபா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குச் சிவப்பு போதாது.

பிள்ளைகளை வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு பறந்தோம். அவிநாசி தாண்டும்போது, கோல் காக்கும் இனியா கையுறையை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். “சார், ஆட உடுவாங்களுங்களா?” அதைச் சொல்லும் கருவி என்னிடம் இல்லை.

விடவில்லை. “வருத்தந்தானுங்க டீச்சர், விதி அப்படி” என்று கையைப் பிசைந்தார்கள் நடத்துகிறவர்கள். ஆடாமலே தோற்றிருந்தோம். இனியா கையுறையைக் கழற்றவே இல்லை. கிருபா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன், திட்டக்கூட இல்லை.

அப்போது ரூபினா வந்தார். “ஜெயிச்சதா எழுதிப்போட்டாங்க. ஆனா எங்க புள்ளைக பந்தையே தொடலீங்களே. சும்மா ஒரு ஆட்டம் ஆடிப் பாப்போமுங்களா?”

பக்கத்துப் பொட்டலில் ஆடினார்கள். உச்சி வெயில், கோல் கம்பத்துக்குப் பதில் செருப்புகள். இனியா பாய்ந்து பாய்ந்து விழுந்து எல்லாவற்றையும் பிடித்தாள். பல்லடம் ஒரு கோல் போட்டு ஜெயித்தது. யார் கணக்கிலும் ஏறாத வெற்றி. ஆனால் பிள்ளைகள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதது கற்பனை இல்லை. பாக்குத் தோப்புக்குள் ஓடிய பந்தையெல்லாம் பொறுக்கி வந்தவன் அடியேன். அன்றைக்கு உருப்படியாக நான் எடுத்து வந்தது அது ஒன்றுதான்.

திரும்பும்போது இனியா மிகுந்த மரியாதையோடு சொன்னாள். “அடுத்த வருஷம் நேரத்தை நாங்களே கேட்டுக்கறோமுங்க சார். உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?”

திருந்தியிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை கிருபாவை மடிக்கணினி முன்னால் அழைத்து நிறுத்தினேன்.

“ஒரே ஒரு போன் பண்ணச் சொன்னேன்” என்றாள்.

“இனி அந்தக் கவலையே இல்லை. கருவியே போன் பண்ணிக் கேக்கற மாதிரி செஞ்சுபோட்டேன்.”

அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள், வாசகரே. ஆனால், சமையலறையில் இருந்தவரிடம் “காபி ஆச்சா?” என்று கூடத்தில் உட்கார்ந்தபடியே வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டு, நீலக்குறி விழுந்ததா விழுந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தீர்களே, அது என்றைக்கு? நேற்றா, இன்றைக்கா?