பிரேக்கண்ணன் எடுத்த குணம்

கடவுளுக்கு ஓர் உதவியாள் தேவைப்பட்டிருந்தால், நேராகத் திருவொற்றியூருக்கு வந்து எங்கள் பிரேக்கண்ணனைத்தான் கூட்டிப் போயிருப்பார். அண்ணன் சம்பளம் கேட்டிருக்க மாட்டார். சிங்காசனத்தில் பாதி இடம் மட்டும் கேட்டிருப்பார்.

துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் டிரைலர்களுக்கு பிரேக் பார்ப்பது அவர் தொழில். அதனால் அந்தப் பெயர். எவ்வளவு பாரம் ஏற்றி வந்த வண்டியையும் நிற்க வைத்துவிடுவார். தன் வாயை நிற்க வைக்கிற வித்தை மட்டும் கைவரவில்லை. பக்கத்துப் பஞ்சர் கடை என்னுடையது. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அது அவருக்கு மிகவும் வசதியாக இருந்தது.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவருடைய தம்பி அந்தோணியின் கடை. அதுவும் பிரேக் கடைதான். அண்ணனிடம் தொழில் கற்றுக்கொண்டு, அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அண்ணன் கண்ணெதிரிலேயே ஷட்டரைத் திறந்தவன். அன்றோடு பேச்சு நின்றது. இருவரும் ஒரே கிறிஸ்தவ சபைதான். ஆராதனையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்து சமாதானம் சொல்லுகிற நேரத்தில் மட்டும் அண்ணனுடைய கைக்குட்டை கீழே விழுந்துவிடும். அதைத் தேடி எடுப்பதற்குள் அடுத்த பாட்டு வந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன்னால், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவமான லெந்து காலம் தொடங்கியபோது, நாங்கள் ஐயர் என்று கூப்பிடும் போதகர் ஒரு யோசனை சொன்னார். "கடவுளோட குணங்களைத் தெரிஞ்சுகிட்டா மட்டும் போதாது. ஆளுக்கு ஒண்ணை எடுத்து ஈஸ்டர் வரைக்கும் வாழ்ந்து பாருங்க" என்று ஒவ்வொரு குணமாக விளக்கினார். நல்ல மனிதர். எங்கள் பேட்டையைப் பற்றி இன்னும் சரியாகத் தெரியாது.

அண்ணனின் மனைவி ஸ்டெல்லா அக்கா நீடிய பொறுமையை எடுத்துக்கொண்டார். கல்யாண நாளிலிருந்தே அதில் பயிற்சி உள்ளவர். நான் மௌனம் கிடைக்குமா என்று கேட்டேன். போதகர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாந்தம்னு வச்சிக்கோப்பா" என்றார்.

அண்ணன் எழுந்தார்.

"ஐயரே, எங்கும் நிறைஞ்சவருன்னு ஒண்ணு சொன்னீங்களே, அத்த யார்னா எட்துக்கினாங்களா?"

"இல்லப்பா, ஆனா அது வந்து..."

"அப்ப அது எனுக்கு."

போதகர் விளக்கம் சொல்வதற்குள் கீபோர்டு வாசிக்கிறவர் பாட்டை ஆரம்பித்துவிட்டார். அந்த ஒரு பாட்டால் பேட்டை பட்ட பாடு கொஞ்சமில்லை.

முதல் வாரம் அண்ணன் எங்கும் நிறைந்தார். சலூன்காரர் என் தாடையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் அண்ணன் தெரிந்தார். முன்பின் தெரியாத வீட்டில் நடந்த பெண் பார்க்கும் சடங்கில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டார். அவரைப் பெண்ணின் மாமா என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்தார்கள்; மாப்பிள்ளையின் சித்தப்பா என்று பெண் வீட்டார் நினைத்தார்கள். இரண்டு பக்கமும் மரியாதை. ஊரெல்லாம் நிறைந்திருந்ததால் சொந்தக் கடையில் மட்டும் ஆளில்லை. வந்த டிரைவர்கள் என்னிடம் கத்திவிட்டுப் போனார்கள். அப்படி எல்லா இடத்திலும் நிறைந்தவர், ரோட்டைத் தாண்டித் தம்பி கடைப் பக்கம் மட்டும் போகவில்லை.

அடுத்து, எல்லாம் அறிந்தவர் ஆனார். யார் வீட்டில் என்ன குழம்பு, யார் மருமகள் யாரிடம் என்ன சொன்னாள் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து ஊருக்கு அருளப்பட்டது. அதற்குப் பிறகு மாறாதவர். ஒரு டிரைலரில் இடது பக்க பிரேக் டிரம்தான் கோளாறு என்று சொல்லிவிட்டார். கழற்றிப் பார்த்தால் வலது பக்கம். "சொன்னது சொன்னதுதான்" என்று நல்ல டிரம்மையே நாள் முழுக்க ரிப்பேர் செய்தார். அந்த வாரம் முழுக்க ஒரே சட்டை. நான் என் ஸ்டூலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

விஷயம் கேள்விப்பட்டுப் போதகர் ஓடி வந்தார்.

"இதெல்லாம் கடவுள் தனக்குன்னு வச்சிக்கிட்ட குணம்பா. நமக்குக் கொடுத்தது அன்பு, இரக்கம், மன்னிப்பு..."

"அதெல்லாம் பொம்பளைங்க எட்துக்கினாங்க ஐயரே. பெரிய வேலைக்கு ஆள் வாணாமா? அடுத்து நீதி. அத்தயும் நானே பாத்துக்குறேன்."

நீதியைத் தண்ணி லாரியில் தொடங்கினார். குடங்களின் வரிசைக்குத் தலைமை தாங்கி, சண்டை போட்ட இரண்டு பேரையும் கடைசிக்கு அனுப்பினார். அவர்கள் முறை வரும்போது லாரியில் தண்ணீர் தீர்ந்திருந்தது. இரண்டு பேரும் உடனே ஒற்றுமையாகி அவரைத் திட்டினார்கள். சமாதானம் உண்டாக்கியவன் என்று அதையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டார்.

அந்த வாரத்தில்தான் அந்தோணி கடையில் ஜாக்கி நழுவியது. வீல் டிரம் அவன் காலில் விழுந்து எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்துவிட்டார்கள். அவன் கடை வாசலில் ஒரே முதலாளியின் வண்டிகள் வரிசையாக நின்றன. ஈஸ்டருக்குள் முடித்துத் தராவிட்டால் வேறு கடை பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார். அவருடைய வேலையை நம்பித்தான் கடை. அது போனால் அந்தோணி ஷட்டரை இறக்கிவிட்டு, மீஞ்சூர்ப் பக்கம் எங்காவது கூலிக்குப் போக வேண்டியதுதான்.

அண்ணன் என் ஸ்டூலில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். "பாத்தியா? ஜாக்கி தானா நய்வுச்சின்னு நெனிக்கிறியா? கர்த்தர் நீதியுள்ளவரு."

சாப்பாட்டுக் கூடையோடு வந்த ஸ்டெல்லா அக்காவின் காதில் அது விழுந்தது. நீடிய பொறுமை அந்த இடத்தில் முடிந்தது.

"த்தோ பாரு, அத்தினி குணத்த எட்துக்கினியே, இரக்கம்னு ஒண்ணு கீதே, அத்த ஏன்யா தொட மாட்டேன்ற? அதுக்கு ரோட்டத் தாண்டணும்னா? இனி உனுக்குச் சோறு அங்கதான். துன்னணும்னா அங்க போய்த் துன்னு."

கூடையை எடுத்துக்கொண்டு, டிரைலர்களுக்கு நடுவே புகுந்து, அந்தோணி கடையில் வைத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணன் என் ஸ்டூலை விட்டு எழுந்தார். பசிதான் காரணம் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறார். பிறகு ஸ்பானர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டி நடந்தார்.

மறுநாள் கடையைப் பார்க்க ஊன்றுகோலோடு ஆட்டோவில் வந்து இறங்கிய அந்தோணி, தன் கடை வண்டிக்கு அடியில் தெரிந்த இரண்டு கால்களைப் பார்த்துத் திகைத்துப் போனான்.

"யாருண்ணே உன்னக் கூப்ட்டது?"

"எவனும் கூப்புடல. பிரேக் லைனிங்க இப்டியாடா ரிவிட் அடிப்பாங்க? கலீஜ் வேலை! எவன்டா உனுக்கு இந்தத் தொயில கத்துக்குடுத்தது?"

"நீதாண்ணே."

வண்டிக்கு அடியில் ஸ்பானர் திருகுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் வாய் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அன்றிலிருந்து ஈஸ்டர் வரை அண்ணன் ரோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக அலைந்தார். இங்கே ஒரு வண்டிக்குக் காற்றுக் குழாய், அங்கே ஒரு வண்டிக்கு லைனிங். நடு ரோட்டில் கையைத் தூக்கினால் டிரைலர்கள் நின்றன. சர்வ வல்லமையெல்லாம் இல்லை; அவற்றுக்கு பிரேக் பார்த்தது அவர்தான். கடைசி வண்டியும் தம்பி பெயரிலேயே முதலாளியிடம் போய்ச் சேர்ந்தது. வேலையும் கடையும் தம்பியிடமே தங்கின. ஈஸ்டர் ஆராதனையில் அண்ணனுடைய கைக்குட்டை வழக்கம்போலக் கீழே விழுந்தது. அந்தோணி ஊன்றுகோலோடு குனிய முடியாமல் குனிந்து அதை எடுத்து நீட்டினான். "ஒடிஞ்ச கால வச்சிக்கினு இன்னாடா குனியிற, கய்த!" என்று அண்ணன் அவன் கையைப் பிடித்து நிமிர்த்தினார். சபையில் அதுவே சமாதானம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

ஒருநாள் நான் துணிந்து கேட்டேன். "கடைசியா இரக்கத்தை எடுத்துக்கிட்டீங்களாண்ணே?"

"சீ, அதெல்லாம் இல்ல நைனா. மொதல்ல எட்துக்கினது அப்பிடியேதான் கீது. எங்கும் நிறைஞ்சவரு. ஒரு எடம் பாக்கி இருந்துச்சி, அவ்ளோதான்."

கடவுளை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் ரோட்டைத் தாண்டினால் எப்படி இருப்பார் என்று எனக்கு ஓரளவு தெரியும்: கையெல்லாம் கிரீஸோடு, யாரையாவது திட்டிக்கொண்டே, தம்பி கடைப் பக்கமாக.