எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கவும்

எங்கள் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று ஒன்பது வருடம் வீடு வீடாக ஏறி இறங்கிச் சம்மதம் வாங்கியவள் நான். அதே திட்டத்தை எதிர்த்து, பொதுக்கூட்டத்தில், வீடியோ கேமரா முன்னால் முதல் ஆளாக எழுந்து நின்றவளும் நான்தான். கேள்விப்பட்டவர்கள் எல்லாம் இதற்குப் பின்னால் ஏதோ பெரிய கொள்கை இருக்கிறது என்று நினைக்கிறார்கள். (நினைக்கட்டும் என்று நானும் சில வருடம் சும்மா இருந்தேன்.) உண்மையான காரணம் நீர்க்கடுப்பு.

மும்பை செம்பூரில் எங்களுடையது மூன்று மாடிக் கட்டடம். இருபத்துநான்கு வீடு, லிஃப்ட் கிடையாது. கல்யாணமான புதிதில் நல்ல காற்று வரும் என்று அடம்பிடித்து மூன்றாம் மாடியைக் கேட்டு வாங்கியதும் நான்தான். காற்று கடைசி வரை நன்றாகத்தான் வந்தது. இறங்குவதுதான் முடியாமல் போனது. என் கணவருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. இருதயம் இருக்கிற இருப்பில் ஆபரேஷன் வேண்டாம் என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். எக்ஸ்ரே எடுக்க சயானுக்குப் போனபோது, வாட்ச்மேனும் இன்னொருவரும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். திரும்பி ஏறும்போது, எதிரே வந்தவர்களைப் பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். அதற்கப்புறம் பதினோரு மாதம் அவர் கீழே இறங்கவில்லை. ஹாலில் ஜன்னல் ஓரமாகக் கட்டில். அதிலிருந்து தெருவைப் பார்ப்பதே அவர் உத்தியோகம். எப்படியாவது இந்த மனுஷரை லிஃப்டில் ஏற்றிக் கீழே கூட்டிப்போக வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

ரீடெவலப்மெண்ட் நடக்க வேண்டுமானால் இருபத்துநான்கில் பதினெட்டு வீடு கைதூக்க வேண்டும் என்று எங்கள் சொசைட்டி முடிவு செய்திருந்தது. ஒன்பதாவது வருடம் என் கணக்கில் பதினேழு தேறியது. பதினெட்டாவது கை என்னுடையது.

கூட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் எனக்கு எரிச்சல் ஆரம்பித்தது. உடம்புச் சூடு என்று நானே தீர்மானித்து, இவரிடமும் சொல்லாமல் மோராகக் குடித்தேன். கேட்கவில்லை. பழைய பிஸ்கட் டப்பாவில் மாத்திரைகளைத் தேடினேன். இவருக்குப் பல் வீங்கியபோது எழுதிக் கொடுத்ததில் எட்டு மிச்சமிருந்தது. பல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். கிருமி கிருமிதானே என்று நினைத்தேன். இரண்டு நாளில் நாலு சாப்பிட்டதும் எரிச்சல் குறைந்தது. உடனே நிறுத்திவிட்டு, மீதி நாலை அடுத்த தடவைக்கு ஆகும் என்று டப்பாவிலேயே பத்திரப்படுத்தினேன். முப்பத்தொரு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மருத்துவக் கிளெய்ம்களைச் சரிபார்த்தவள் நான். டாக்டர் சொன்ன மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவர்களின் காகிதங்களில் சிவப்பு மையால் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவதில் எனக்கு ஒரு தனி சந்தோஷமே உண்டு.

ஆறாவது நாள் அது இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது, கூடவே குளிர் ஜுரமும். பாண்டுப்பில் இருக்கிற என் மகள் மீரா விஷயம் தெரிந்து ஓடி வந்து என்னைத் தரதரவென்று லேடி டாக்டரிடம் இழுத்துப் போனாள். பல் மாத்திரையின் கதையைக் கேட்டதும் டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். அப்புறம், அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி தேறிக்கொண்டு திரும்பி வரும் என்பதைச் சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். சிறுநீரை டெஸ்டுக்கு அனுப்பி, வேறு மாத்திரை எழுதினார். ஏழு நாள், ஒன்றுகூட விடக் கூடாது. குமட்டும், தலை சுற்றலாம், நிறம் மாறிப் பழுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் அடக்கக் கூடாது. கடைசி வாக்கியத்தை அழுத்திச் சொன்னதாக மீரா இன்றுவரை சாட்சி சொல்கிறாள்.

மாத்திரையின் மூன்றாம் நாள் கூட்டம். காலையில் எழுந்தபோதே வாயில் இரும்புச் சாவியைப் போட்டுச் சப்பின மாதிரி ஒரு ருசி. காபியைப் பாதியில் வைத்துவிட்டேன். நாற்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக என் டம்ளரில் மிச்சக் காபியைப் பார்த்த இவர் மீராவுக்கு போன் போட்டுவிட்டார். போகாதே என்று அவள் கத்தினாள். போகாவிட்டால் பதினேழுதான். டாக்டர் சொன்னபடி ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்துவிட்டுக் கிளம்பினேன். இவர் முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்தார். எங்கேயும் போகப்போவதில்லை, ஆனாலும் சட்டை. அதைப் பார்த்துவிட்டு நான் எப்படி வீட்டில் இருப்பேன்?

கூட்டம் எதிர்ப்பக்கத்துப் பள்ளிக்கூட ஹாலில். சேர்மன் குல்கர்ணி, அரசாங்கத்திலிருந்து வந்த ஒரு பெண் அதிகாரி, வீடியோ எடுக்கிறவர், பில்டர் அனுப்பிய ஆர்க்கிடெக்ட், எதிரே நாங்கள் அறுபது பேர். திட்டத்துக்கு உழைத்தவள் என்று என்னை முதல் வரிசையில், அதிகாரியின் மேஜைக்கு நேர் எதிரில் உட்காரவைத்தார்கள். ஆரம்பிப்பதற்கு முன்னால் இரண்டு தடவை போய்விட்டு வந்திருந்தேன். சேர்மன் பேச்சு இருபது நிமிஷம், ஆர்க்கிடெக்ட் பத்து, ஓட்டெடுப்பு ஐந்து என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஆர்க்கிடெக்ட் புதுக் கட்டடத்தின் படத்தைத் திரையில் ஓடவிட்டார். வாசலில் ஒரு நீரூற்று. அதற்குச் சத்தம் வேறு சேர்த்திருந்தார்கள். சலசலவென்று அது விழுந்துகொண்டே இருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, சாமி பெயர்களை வரிசையாக மனசுக்குள் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒருவழியாக ஓட்டெடுப்பு வந்தது. குல்கர்ணிக்கு ஒரு யோசனை. மீதி ஆறு வீடும் எதிலும் சேராதவர்கள், எதிர்ப்பவர் யாரும் இல்லை என்பது தெரிந்த விஷயம்தானே, அதை முதலில் கேட்டு முடித்துவிடலாம் என்று எதிர்ப்பவர்களை எழுந்து நிற்கச் சொன்னார். மராத்தியில் ஒரு தடவை. ஹிந்தியில் ஒரு தடவை. இங்கிலீஷிலும் சொல்லிவிட்டு அவர் மூச்சுவிடும்போது என் உடம்பு என்னைக் கலந்தாலோசிக்காமல் எழுந்துவிட்டது.

ஓடியிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். எழுந்ததும் தலை சுற்றியது. பிடித்துக்கொள்ள முன்னால் இருந்தது அதிகாரியின் மேஜை. அதில் கையை ஊன்றினேன். வீடியோவில் பார்த்தால் ஓங்கி ஓர் அடி அடித்த மாதிரிதான் இருக்கிறது.

குல்கர்ணி என்னைப் பார்த்து, “மாமி... ஆப்?” என்றார், நீங்களா என்று. (தெற்கத்திப் பெண்கள் எல்லோரும் அவருக்கு மாமிதான்.) அதிகாரி நோட்டைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றி, “காரண் சாங்கா” என்றார். காரணம் சொல்லுங்கள் என்கிறார்.

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். பிள்ளை பெற்றவள், மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்தவள். ஆனால் அறுபது பேருக்கும் ஒரு கேமராவுக்கும் முன்னால், முக்கியமாகக் குல்கர்ணிக்கு முன்னால், அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதிகாரியின் தலைக்குப் பின்னால் திரையில் வீட்டின் பிளான் தெரிந்தது. ஹால், சமையலறை, இரண்டு படுக்கையறை, இரண்டு டாய்லெட். இரண்டும் படுக்கையறைக்குள்ளே. என் மனசில் அப்போது வேறு எந்தச் சிந்தனையும் இல்லாததால் கண் அங்கேதான் போய் நின்றது. “ஹால் கே பாஸ் டாய்லெட் கிதர் ஹை?” என்று கேட்டேன், ஹாலுக்குப் பக்கத்தில் டாய்லெட் எங்கே என்று. அவசரத்துக்கு மனுஷன் அடுத்தவர் படுக்கையறை வழியாக ஓடணுமா என்றும் கேட்டேன். பதிலுக்கு நிற்காமல் நடந்தேன். தமிழ்நாட்டில் இதற்கு வெளிநடப்பு என்று பெயர். என் வேகத்துக்கு எந்தக் கட்சியிலும் ஆள் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் பக்கத்திலிருந்தது ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கான டாய்லெட். எல்லாமே என் முழங்கால் உயரத்துக்குக் கீழே. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. யாராவது வந்துவிடப் போகிறார்களே என்று கந்த சஷ்டி மெட்டில் எதையோ முனகிக்கொண்டே இருந்தேன். பாரம் இறங்கினதும் என்ன காரியம் செய்துவிட்டோம் என்பது உறைத்தது. ஒன்பது வருடம். ஜன்னலில் இஸ்திரிச் சட்டை. அந்தக் குட்டி டாய்லெட்டில் உட்கார்ந்து நான் ஓவென்று அழுதேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு எதிர்ப்பை வாபஸ் வாங்குவது என்ற முடிவோடு திரும்பினேன். ஹாலில் முதல் மாடி படேல் பாய் எழுந்து நின்றுகொண்டிருந்தார். எழுபத்தாறு வயது, அதிர்ந்து பேசாத மனிதர். மாமி சொல்வது நிஜம் என்றார். தனக்கு ஒரு ராத்திரியில் நாலு தடவை எழுந்திருக்க வேண்டும் என்றார்.

“மேரா பிஸ்தர் ஹால் மே ஹை. ஹர் பார் பேட்டே-பஹூ கா தர்வாஜா கட்கடாவூம் க்யா?”

என் படுக்கை ஹாலில், ஒவ்வொரு தடவையும் மகனும் மருமகளும் தூங்குகிற கதவைத் தட்டுவதா என்கிறார். மகனும் மருமகளும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். மருமகள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பின் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். அப்புறம் இன்னொருவர். எங்கள் கட்டடத்தில் அறுபது தாண்டினவர்கள் எல்லோரும் ஹாலில் படுக்கிறவர்கள்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. என் பதினேழில் ஐந்து கை கழன்றது. பிளானை மாற்ற முடியாது என்று ஆர்க்கிடெக்ட் சொல்ல, முடியுமா முடியாதா என்று பார்த்துக்கொண்டு வாருங்கள் என்று அதிகாரி சொல்ல, கூட்டம் ஒரு மாதம் தள்ளிப்போனது.

மூன்று மாடி ஏறியது எனக்கு முப்பது மாடி மாதிரி இருந்தது. கதவைத் திறந்ததும் இவர் கேட்டார்.

“பாஸாயிடுத்தா?”

“இல்லை. ஒருத்தி எழுந்து நின்னு கெடுத்துட்டா.”

“எவ அவ?”

“நான்தான்.”

எல்லாவற்றையும் சொன்னேன். மேஜையில் கை ஊன்றினதை நடித்தும் காட்டினேன். முதலில் முறைத்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். கட்டில் ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். பதினோரு மாதமாக அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. சிரித்து ஓய்ந்த பிறகு சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார்.

“எனக்கும் அது வேணும்டி. அஞ்சு மணிக்கு மேல நான் தண்ணியே குடிக்கறதில்லை, கவனிச்சிருக்கியோ? சமையல்கட்டைத் தாண்டி அந்தக் கோடிக்கு நடக்க முடியலை. உன்னை எழுப்பவும் மனசு வரலை.”

நான் கவனித்திருக்கவில்லை. வயசானால் தாகம் குறையும் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். அவர் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தேன். நாற்பத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறோம். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

மிச்ச மாத்திரைகளை அவர் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். மணி அடித்து, எண்ணிக் கொடுத்து, நான் விழுங்குகிறேனா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். ஏழாம் நாளோடு ஜுரமும் எரிச்சலும் போயின. இரும்புச் சாவி போக இன்னும் நாலு நாள் ஆயிற்று. பிஸ்கட் டப்பாவை மீரா காலி செய்துவிட்டாள். அடுத்த மாதம் ஆர்க்கிடெக்ட் புதுப் பிளானோடு வந்தார். ஹாலில் கொஞ்சம் இடத்தை எடுத்து, வாசலுக்குப் பக்கத்தில் பிடிமானக் கம்பியோடு ஒரு சின்ன டாய்லெட். இருபத்திரண்டு கை தூக்கியது. என் கை எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.

இப்போது நாங்கள் ஏழாம் மாடி. இவர் தினம் இரண்டு தடவை லிஃப்டில் இறங்கி, வாட்ச்மேன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே வருகிற எல்லோரையும் விசாரிக்கிறார். கூட்டத்தின் வீடியோவைக் குல்கர்ணி சொசைட்டி குரூப்பில் போட்டுவிட்டார். மீரா அதிலிருந்து பன்னிரண்டு விநாடியை வெட்டி எடுத்து வைத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் சாப்பிடும்போது யார் பாதியில் எழுந்தாலும், “காரண் சாங்கா” என்று ஒரே குரலில் கேட்கிறார்கள். வந்த விருந்தாளிகளுக்கும் இதே மரியாதைதான்.

போன மாதம் சொசைட்டிக் கூட்டம். மின்சாரத்தை மிச்சப்படுத்த, மத்தியானத்தில் ஒரு லிஃப்டை நிறுத்தி வைக்கலாம் என்று கமிட்டி தீர்மானம் கொண்டுவந்தது. அதைப் படித்துக்கொண்டிருக்கும்போது நான் எழுந்தேன். குல்கர்ணி சட்டென்று நிறுத்தி, மாமிக்கு என்ன ஆட்சேபணை என்று கேட்டார். எனக்கு எழுபத்திரண்டு வயசாகிறது, இனிமேல் என்ன வெட்கம்? ஆட்சேபணை ஒன்றும் இல்லை, ஒண்ணுக்குப் போக வேண்டும் என்று மராத்தி, ஹிந்தி, இங்கிலீஷ் மூன்றிலும், கேமராவைப் பார்த்துத் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனேன். பின் வரிசையிலிருந்து இவர் கைதட்டினது வெளியே கேட்டது.

ஒருவர்கூட நம்பவில்லை. நான் திரும்பி வருவதற்குள் தீர்மானத்தை வாபஸ் வாங்கியிருந்தார்கள். மாமியின் எதிர்ப்பை மதித்து, என்று மினிட்ஸில் எழுதியிருக்கிறது.