தையல் போட்ட அணு

வெட்டுமேசையின் மேல் கிடந்த துணியைத் தையல்காரர் ஒரே இழுப்பாக இழுத்தார். துணி வந்துவிட்டது. அதன் மேல் இருந்த அணுவும் கூடவே வந்து தரையில் விழுந்தது.

அணு என்றால் அட்டையில் மணிகளை ஒட்டிச் செய்த அணு. நடுவில் புரோட்டானுக்குச் சிவப்பு மணி, நியூட்ரானுக்கு வெள்ளை மணி. சுற்றி வரைந்த இரண்டு வட்டங்களில் எலக்ட்ரானுக்குக் கறுப்பு மணி. அவர் மனைவி, எட்டு வருஷமாகத் தற்காலிக வேதியியல் டீச்சர், இரண்டு நாளாக யோசித்து யோசித்து ஒட்டியது. இன்று காலை அவர் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஓர் அதிகாரி வந்து உட்காரப்போகிறார். பாடம் பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் வேலையே கிடையாது. பசை காயும்வரை யாரும் கிட்டே போகக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் டீச்சர் குளிக்கப் போயிருந்தார்.

மணிகள் நாலா பக்கமும் ஓடின. அதுகூடப் பரவாயில்லை. ஒரு கவுனில் வைத்துத் தைக்க வாங்கியிருந்த மணி டப்பாவும் சேர்ந்து கவிழ்ந்துவிட்டது. டீச்சர் மணி எடுத்ததே அந்த டப்பாவிலிருந்துதான். எது அணு, எது கவுன் என்று பிரம்மாவே வந்தாலும் சொல்ல முடியாது.

அட்டையில் எத்தனை மணி இருந்தது? அவர் எண்ணிப் பார்த்ததில்லை. அடியில் எழுதியிருந்தது மட்டும்தான் மிச்சம்: கார்பன், நிறை எண் பன்னிரண்டு, மின்சுமை இல்லை.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது தொழில் கொடுத்த புத்தி. சிவப்பில் ஏழு, வெள்ளையில் ஏழு எடுத்து நடுவில் பூப்போல ஒட்டினார். பார்க்க லட்சணமாகவே இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று படம் எடுத்து, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மைத்துனனுக்கு அனுப்பிப் போன் போட்டார்.

"மாமா, இது கார்பனே இல்ல. நைட்ரஜன்."

"ஒரு மணிதானே மச்சான் கூட இருக்கு?"

"சிவப்புல ஒண்ணு கூடினா ஆளே மாறிடுவான் மாமா. கார்பன்னா ஆறு சிவப்பு. அதுல பேரமே கிடையாது."

ஒரு சிவப்பைப் பிய்த்தார். இப்போது ஆள் கார்பன்தான், ஆனால் எடை போட்டிருக்கிறான், இதற்கு ஐசோடோப் என்று பெயர் என்றான் மைத்துனன். அப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் ஆறும் ஏழும் பதின்மூன்று, அக்கா பன்னிரண்டு என்றல்லவா எழுதியிருக்கிறாள் என்றான். வெள்ளையில் ஒன்றைப் பிய்த்தார். பசையோடு இன்னும் இரண்டு கழன்று வந்தன. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது.

வெள்ளையை ஒருவழியாக ஆறாக்கிவிட்டு, கைக்குக் கிடைத்த ஐந்து கறுப்பு மணிகளை வட்டத்தில் ஒட்டி, போனில் எண்ணிக்கையைச் சொன்னார். ஒரு எலக்ட்ரான் குறைகிறது, இது அயனி, பிளஸ் என்றான் மைத்துனன். தையல் மெஷினுக்கு அடியில் குனிந்து இரண்டைப் பொறுக்கி, இரண்டையும் ஒட்டினார். இதுவும் அயனிதான், இப்போது மைனஸ் என்றான்.

"உனக்கு எதுதாண்டா பிடிக்கும்?"

"எனக்கென்ன மாமா வந்துச்சு? சிவப்பு எத்தனையோ கறுப்பும் அத்தனை. உள்ள ரெண்டு, வெளிய நாலு. போனை வைங்க, கடையில ஆள் நிக்கிறாங்க."

அதோடு அவருக்குப் பசை மேலிருந்த நம்பிக்கை போய்விட்டது. ஊசியை எடுத்தார். ஆறு சிவப்பு, ஆறு வெள்ளை, ஆறு கறுப்பு, பதினெட்டையும் அட்டையோடு சேர்த்துத் தைத்து, ஒவ்வொன்றுக்கும் இரட்டை முடிச்சுப் போட்டார். இனி யானை இழுத்தாலும் வராது. கேள்வி வருவதற்குள் காகிதத்தில் சுற்றிக் கயிறும் கட்டிவிட்டார்.

ஈரத்தலையோடு ஓடிவந்த டீச்சர் பொட்டலத்தைப் பார்த்துக் கொஞ்சம் நெகிழ்ந்தே போனார். "பரவாயில்லையே, என் மேல அக்கறைகூட இருக்கே உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு, பிரித்துப் பார்க்க நேரமில்லாமல் கிளம்பினார்.

தையல்காரருக்கு வேலை ஓடவில்லை. எட்டு வருஷமாக அவள் பட்ட பாடு தன்னால் வீணாகிவிடக் கூடாதே என்ற பயம். ஒரு சட்டைக்கு மூன்றாவது கையைத் தைக்க ஆரம்பித்தபோது எழுந்து பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டார்.

வகுப்பு வாசலில் பியூன் நின்றிருந்தார். உள்ளே சத்தமே இல்லை. டீச்சரின் வீட்டுக்காரர் என்று சொல்லி, கார்பன் அணுவில் ஏதாவது கோளாறு என்று பேச்சு வந்ததா என்று மெதுவாகக் கேட்டார்.

"கோளாறைத்தான் சார் தேடிக்கிட்டிருக்காங்க. 'இதுல வேணும்னே மூணு தப்பு வெச்சிருக்கேன், கண்டுபிடிங்க'ன்னு டீச்சர் சொல்லி அரைமணி நேரமாச்சு. பிள்ளைங்களுக்கு ஒண்ணுகூடக் கிடைக்கல. அதிகாரி எழுந்து போயி எண்ணிப் பாத்தாரு, அவருக்கும் கிடைக்கல. இப்ப டீச்சர் எண்ணிக்கிட்டிருக்காங்க."